சிபேப் கருவியும் கிருமிக் காலமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 மே மாதத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் ஏறத்தாழ 14,200 பேருக்குக் கொவிட்-19 தொற்றியிருக்கும் என்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. தொற்று அலை எழும்போதெல்லாம், உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியாவுக்காக, தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவியை இரவில் போட்டுக்கொள்வோரின் வீடுகளில் அதே கேள்விகள் எழுகின்றன. உறக்கச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் சுவாசச் சிகிச்சையாளரும் மருந்தாளரும் இந்த இதழில் பதில் தருகிறார்கள். கருவியோடு வருவதை மாஸ்க் என்றும், வெளியே போகும்போது நாம் அணிவதை முகக்கவசம் என்றும் பிரித்து எழுதியிருக்கிறோம்.

என் கணவருக்கு நேற்று ஏஆர்டி எனும் கொவிட் விரைவுச் சோதனையில் இரண்டு கோடு விழுந்தது, தொற்று உறுதி. மூன்று ஆண்டாக சிபேப் போடுகிறார்; அழுத்தம் 11. எங்களுடையது மூவறை வீடு. பக்கத்து அறையில் 81 வயது மாமியார் இருக்கிறார். "இது ஊதி ஊதிக் கிருமியை வீடெல்லாம் பரப்பிவிடும், நாலைந்து நாள் போடாமல் இருக்கிறேன்" என்கிறார். விட்டுவிடலாமா?
வாசகி, தோ பாயோ

விட வேண்டாம் அம்மா. அவர் கவலை நியாயம்தான். ஆனால் கருவியை நிறுத்திய முதல் இரவிலேயே பெரும்பாலானோருக்குத் தொண்டை மறுபடி அடைபடத் தொடங்கிவிடும். ஒவ்வோர் அடைப்புக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், ரத்த அழுத்தம் எகிறும். காய்ச்சலில் உடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் செலவழிக்கும் நாட்களில் இந்தச் சுமையையும் சேர்ப்பது நல்லதல்ல. மறுநாள் அவர் சோர்ந்து கிடந்தால் அது கிருமியின் வேலையா, தூக்கம் கெட்டதன் வேலையா என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் மீதியை நீங்களே முடிவு செய்துவிடலாம். கருவி அறைக் காற்றை ஒரு வடிகட்டி வழியாக இழுத்து, அழுத்தம் கூட்டி, குழாய் வழியே மாஸ்க்குக்கு அனுப்புகிறது. அவர் விடும் மூச்சு, மாஸ்க்கின் முன்பக்கத்திலோ முழங்கைபோல் வளைந்த அதன் குழாயிலோ இருக்கும் ஊசித் துளைகள் வழியே நேராக அறைக்குள் வருகிறது. 11 அழுத்தத்தில், மாஸ்க்கைப் பொறுத்து, நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் காற்று அந்தத் துளைகளில் வெளியேறும். அதில் பெரும்பகுதி கருவி தந்த சுத்தமான காற்று. அதோடு கலந்து வருவது அவருடைய மூச்சு.

ஹாங்காங் ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வில் பொம்மை உடலுக்கு சிபேப் மாட்டி, வெளிமூச்சில் புகையைக் கலந்து பார்த்தார்கள். மூக்குத்துளையில் பொருந்தும் சிறிய மாஸ்க்கில், அழுத்தம் 20 ஆனபோது புகை சுமார் 33 செ.மீ. தூரம் பீய்ச்சியது. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் ஒன்றில் அது நாற்புறமும் சிதறிக் கரைந்துவிட்டது. பீய்ச்சல் எட்டும் தூரம் இவ்வளவுதான் என்பதால் நுண்துளிகள் அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கக்கூடாது. அவை அறைக் காற்றோடு மிதக்கும். ஆனாலும் 2021ல் பிரிட்டனில் எடுத்த அளவீடுகளில், சிபேப் போட்டு அமைதியாக மூச்சுவிடுவதைவிட இருமல்தான் மிக அதிகமான நுண்துளிகளை எழுப்பியது. கருவியை நிறுத்தினாலும் அவர் இருமத்தான் போகிறார். ஆகவே கருவியை நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல் அறையைக் கவனியுங்கள்.

அவருக்குத் தனி அறை கொடுங்கள், கதவு சாத்தியே இருக்கட்டும். இடநெருக்கடியில் அவரைக் கூடத்தில் படுக்க வைப்பவர்கள் உண்டு. வீட்டுக் காற்று முழுவதும் கூடத்தைத் தாண்டித்தான் போகும் என்பதால் அது வேண்டாம். நீங்கள் கூடத்துக்கு மாறுங்கள். கதவின் அடி இடுக்கில் ஈரமில்லாத துண்டைச் சுருட்டி வையுங்கள். சன்னலைத் திறந்து, மேசை மின்விசிறியைச் சன்னலருகே வெளிப்பக்கம் பார்த்து ஓடவிட்டால் அறைக் காற்று வெளியே தள்ளப்படும். சன்னல் பொது நடைபாதையைப் பார்த்திருந்தால் விசிறி வைக்காமல் சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். அண்டை வீட்டார் முகத்தில் ஊத வேண்டாம். வீட்டுக் குளிர்சாதனம் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. புழுக்கம் தாங்கவில்லை என்றால் போடலாம், ஆனால் சன்னலை ஒரு சாண் திறந்து வைத்தபடி. மின்கட்டணம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

பலரும் கவனிக்காத ஒன்று: மாஸ்க்கை முகத்தில் பொருத்திய பிறகே கருவியை இயக்க வேண்டும், காலையில் கருவியை நிறுத்திய பிறகே மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். மாறிச் செய்தால் ஈரமும் சளியும் படிந்த மாஸ்க் மேல் காற்று வேகமாக அடித்து எல்லாம் சிதறும். அவர் கழற்றிய பின் சன்னல் திறந்தபடி அரை மணி நேரமாவது போகட்டும். அதற்குப் பிறகும் நீங்கள் உள்ளே போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் அணியுங்கள். கழிவறை ஒன்றுதான் என்றால், மாமியார் போய்வந்த பிறகு அவர் போகட்டும், முகக்கவசத்தோடு.

இணையத்தில் கிருமி வடிகட்டி வாங்கி, கருவிக்கும் குழாய்க்கும் நடுவில் பொருத்திவிட்டேன். இனி வீட்டில் உள்ளவர்களுக்குப் பயமில்லைதானே? மாஸ்க் துளைகளை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, வடிகட்டியை மாஸ்க் வாயிலேயே மாட்டினால் இன்னும் நல்லதா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

டேப்பை இன்றே பிரித்துவிடுங்கள். அந்தத் துளைகள் இல்லாவிட்டால் நீங்கள் விட்ட மூச்சு குழாய்க்குள்ளேயே தங்கும். அடுத்த மூச்சில் அதையே திரும்ப இழுப்பீர்கள். கரியமில வாயு ரத்தத்தில் ஏறும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம் கலந்த தூக்கம், கடைசியில் எழுப்பினாலும் எழாத நிலை. கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும், அழுத்தமும் சரியாகவே காட்டும். துளைகள் மேல் துணி போர்த்துவது, மாஸ்க்குக்கு மேல் முகக்கவசம் மாட்டுவது, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வது ஆகியவற்றிலும் இதே ஆபத்து உண்டு.

நீங்கள் இப்போது வடிகட்டியைப் பொருத்தியிருக்கும் இடம் கருவியைக் காப்பாற்றுகிறது, மனிதர்களைக் காப்பாற்றவில்லை. வெளிமூச்சு அதற்கு முன்பே, மாஸ்க்கில், வெளியேறிவிடுகிறதே. கருவியை இன்னொருவருக்குக் கொடுக்கப்போகும்போதோ, வாடகைக் கருவி என்றாலோ அந்த இடத்தில் வடிகட்டி வைப்பதில் அர்த்தம் உண்டு.

மருத்துவமனையில் செய்வது வேறு. அங்கே துளையே இல்லாத மாஸ்க்கை எடுப்பார்கள். அதை அடுத்து வடிகட்டி. வடிகட்டியை அடுத்து காற்று வெளியேறும் துளையுள்ள இணைப்பு. அதன் பிறகுதான் குழாய். வெளிமூச்சு வடிகட்டியைத் தாண்டித்தான் அறைக்கு வரும். இதே வரிசையை வீட்டிலும் போட்டுக்கொள்ளலாமே என்று உங்களைப் போன்ற பொறுப்பானவர்கள்தான் யோசிப்பார்கள். ஆனால் மருத்துவமனையில் யாராவது இரவு முழுவதும் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு மாஸ்க்கில், குறிப்பாக வாயையும் மூடும் வகையில், மின்சாரம் போனால் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் சிறு வால்வு உண்டு. துளையில்லாத மாஸ்க்குகளில் அது பெரும்பாலும் இருக்காது. கருவி நின்றால் மூச்சுக்கு வழியில்லை.

வடிகட்டிக்கே உள்ள தொல்லைகளும் உண்டு. கருவியின் வெப்ப ஈரமூட்டி ஓடினால் வடிகட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். நனைந்த வடிகட்டி காற்றைத் தடுக்கும். 11 என்று திரையில் இருக்கும், மூக்குக்கு வருவது அதைவிடக் குறைவாக இருக்கும், குறட்டை திரும்பும். ஆகவே கருவியின் வாயில் வடிகட்டி வைத்தே தீரவேண்டும் என்றால் ஈரமூட்டியை அணையுங்கள், வடிகட்டியைத் தினமும் பாருங்கள், கனத்தாலோ நனைந்தாலோ மாற்றுங்கள். சில கருவிகளில் வடிகட்டி இருக்கிறது என்று தெரிவிக்கும் அமைப்பு, சிகிச்சையாளர் திறக்கும் பட்டியலில் இருக்கிறது. அதை இயக்கினால் கருவி அந்தத் தடையைச் சரிக்கட்டிக்கொள்ளும். மின்கம்பி ஓடும் வெப்பக் குழாய் உங்களுடையது என்றால் இடையில் வடிகட்டியே பொருந்தாது, சாதாரண 22 மி.மீ. வாய் உள்ள குழாய் தேவைப்படும்.

மூக்கு முழுதாக அடைத்துக்கொண்டது. மூக்கு மாஸ்க் போட்டால் காற்று வாய் வழியே ஓடிவிடுகிறது, தொண்டை காய்ந்து எழுந்துவிடுகிறேன். இருமல் மருந்து குடித்துவிட்டுப் படுக்கலாமா?
வாசகர், தெம்பனிஸ்

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். கோடீன் உள்ள இருமல் மருந்து வேண்டாம், அது மூச்சு உந்துதலையே மந்தமாக்கும். புரோமெத்தசின், டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற தூக்கம் வரவைக்கும் பழைய ஒவ்வாமை மருந்துகளும் வேண்டாம். தொண்டைத் தசை தளர்ந்தால் அப்னியா கூடும். மருந்தகத்தில் சளிக்கு என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எனக்கு ஸ்லீப் அப்னியா இருக்கிறது, தூக்கம் வராத மருந்தாகக் கொடுங்கள் என்று சொல்லிக் கேளுங்கள்.

மூக்குக்கு: கொதித்து ஆறிய தண்ணீர் 240 மி.லி., அதில் அரைத் தேக்கரண்டி அயோடின் சேராத உப்பு. படுக்கும் அரை மணி நேரத்துக்கு முன் இரு துளைகளையும் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக்கூடாது. போதவில்லை என்றால் ஆக்சிமெட்டாசோலின் சொட்டு அல்லது ஸ்பிரே, மூன்று நாள் மட்டும். அதற்கு மேல் போனால் மருந்து தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சூடோஎஃபெட்ரின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். ஸ்பிரேயையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். அப்னியா உள்ளவர்களில் பலருக்குக் கொதிப்பும் சேர்ந்தே இருக்கும்.

ஈரமூட்டியை ஒன்றிரண்டு நிலை உயர்த்துங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம்தான், ஆனால் குளிர்சாதன அறையில் அது குறைந்துவிடும். மூக்கும் வாயும் மூடும் மாஸ்க் கையில் இருந்தால் இந்த நாட்களுக்கு அதைப் போடுங்கள். இல்லையென்றால் கருவி விற்ற இடத்தில் கேளுங்கள், உங்கள் முக அளவுக்குப் பொருந்திப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: குமட்டல், வாந்தி இருக்கும் இரவில் வாயை மூடும் மாஸ்க் வேண்டாம். வாந்தி மாஸ்க்குக்குள்ளேயே நின்று நுரையீரலுக்குப் போகலாம். அந்த இரவிலும், எதையும் தாங்க முடியாத இரவிலும், தலையணைகளை அடுக்கி உடலின் மேற்பாதி முழுவதையும் முப்பது பாகைக்குக் குறையாமல் உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து வேண்டவே வேண்டாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் 2021ல் வீட்டுக்கு வந்தது; அதை அப்பாவுக்கு இரவில் மாட்டிப் பார்த்தேன். 88, 94, 87 என்று ஏறி இறங்குகிறது. ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டுமா? அவருக்கு சிபேப் இருக்கிறது, காய்ச்சல் என்று இரண்டு நாளாகப் போடவில்லை.
வாசகி, ஈசூன்

அந்த ஏற்ற இறக்கம் அப்னியாவின் கையெழுத்து. மூச்சு அடைபடும்போது இறங்கும், திணறி விழித்து மூச்சிழுத்ததும் ஏறும். தொற்று நுரையீரலைத் தாக்கினால் எண் ஒரே இடத்தில் தாழ்ந்து கிடக்கும், விழித்திருக்கும்போதும். எழுப்பி உட்காரவையுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் ஓய்வெடுக்கட்டும். கை சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சும் கருமருதாணியும் கூடாது. எண் ஒரு நிமிடம் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். 95ம் அதற்கு மேலும் இருந்தால், சிபேப்பை மாட்டிப் படுக்கவையுங்கள். 93, 94 என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், தொலைமருத்துவமானாலும் சரி. 92ம் அதற்குக் கீழும் என்றால் 995. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் பொருந்தாது, அவர்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருப்பார்.

இன்னொன்று நமக்கே உரியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. எனவே அப்பா நலமாக இருக்கும் நாளில் என்ன காட்டும் என்று தெரிந்து வைத்திருங்கள். வழக்கமாக 98 காட்டுபவருக்கு 94 வந்தால் அது சின்ன விஷயம் இல்லை. எண் எதுவானாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத மூச்சிரைப்பு, நீலம் பாய்ந்த உதடு, குழப்பமான பேச்சு, நெஞ்சுவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் 995.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொவிட், மூச்சு வாங்குகிறது. என் "ஆக்சிஜன் மிஷினை" இரண்டு நாள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், செங்காங்

கூடாது. சிபேப் ஆக்சிஜன் தருவதில்லை. அறையில் இருக்கும் அதே 21 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட காற்றைத்தான் அழுத்தி அனுப்புகிறது. மூச்சு வாங்கும் ஒருவரை வீட்டில் வைத்து அதை மாட்டிப் பார்ப்பது மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அவருக்காக நீங்கள் செய்யக்கூடியது 995ஐ அழைப்பது.

தொற்று நீங்கிவிட்டது. மாஸ்க், குழாய் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டுமா? ஓசோன் பெட்டியில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்கிறார்களே?
வாசகி, உட்லண்ட்ஸ்

தூக்கிப்போட வேண்டாம், ஓசோன் பெட்டியும் வேண்டாம். கொவிட் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. பாத்திரம் கழுவும் சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டுச் சோப்பு விட்டு, மாஸ்க்கின் சிலிக்கான் பகுதியைத் தினமும், பட்டையையும் குழாயையும் வாரம் ஒருமுறையும் கழுவுங்கள். நோயாக இருந்த நாட்களில் குழாயை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவியிருந்தால் இன்னும் நல்லது. குளோரின், ஆல்கஹால், டெட்டால் எதுவும் சிலிக்கானில் படக்கூடாது. சிலிக்கானில் வெடிப்பு விடும், வாடையும் போகாது, அந்த வாடையைத்தான் இரவெல்லாம் மூக்குக்குள் இழுப்பீர்கள்.

ஓசோனைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. குழாயில் தங்கும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றபோது காரணம், உள்ளே ஒலியைக் குறைக்க வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து துகளாகக் காற்றில் கலக்கக்கூடும் என்பது. ஓசோனால் சுத்தம் செய்வது அந்தச் சிதைவை அதிகமாக்கலாம் என்றும் அறிவித்தார்கள். உங்களுடையது அந்தக் காலத்துக் கருவி என்றால் அதன் தொடர் எண்ணை விற்றவரிடம் கொடுத்து, அது பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். குழாயில் கறுப்புத் துகள் கண்டால் கேட்கவே காத்திருக்க வேண்டாம், நிறுத்திவிட்டு உறக்கச் சிகிச்சைப் பிரிவை அழையுங்கள்.

காயவைப்பதில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. துணி காயப்போடும் மூங்கில் கழியில் மாஸ்க்கும் குழாயும் வெயிலில் ஆடுவதைப் பார்க்கிறோம். வெயில் சிலிக்கானை மஞ்சளாக்கி விறைக்கவைக்கும். உள்ளே, விசிறிக்குக் கீழே, குழாயின் இரு வாயும் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். இந்த ஈரப்பதத்தில் குழாயின் உள்வளையங்களில் ஈரம் தங்கும். ஈரமூட்டித் தொட்டியை எடுத்துவிட்டு, குழாயைக் கருவியில் மாட்டிப் பத்து நிமிடம் காற்று ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். கிடைக்காத நாளில் கொதித்து ஆறிய தண்ணீர் கிருமிக்குப் போதும், ஆனால் தாது உப்பு போகாது, வெண்படலம் படியும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் படலம் விட்டுவிடும். கார் பேட்டரிக்கு விற்கும் நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கருவியின் பின்புற வடிகட்டியில் மெல்லிய வெள்ளை வகையைக் கழுவக்கூடாது, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். தொற்றுக்குப் பிறகு உடனே மாற்றிவிடுங்கள். அது தூசிக்கான வடிகட்டி, கிருமிக்கானதல்ல.

அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் சிபேப்பை எடுத்துப் போகலாமா?
வாசகர், பொங்கோல்

எடுத்துப் போங்கள். மாஸ்க், குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். அழுத்தம், மாஸ்க்கின் வகை, அளவு ஆகியவற்றை எழுதி ஒரு தாளும் வையுங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததுமே இதைச் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தோ வலிமருந்தோ கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு இது தெரிய வேண்டும். பல கட்டில்கள் உள்ள வார்டில் சொந்தக் கருவியைப் போட விடாமல் போகலாம். அப்போது தனியறை கிடைக்குமா, துளையில்லாத மாஸ்க்கும் வடிகட்டியும் வைத்து மருத்துவமனைக் கருவி தருவார்களா என்று கேளுங்கள். மூக்கில் ஆக்சிஜன் மட்டும் வைத்தால் எண் நன்றாகத் தெரியும், தொண்டை அடைப்பு அப்படியே இருக்கும். பருமனான உடலோடு கரியமில வாயு தேங்கும் கோளாறும் உள்ளவர்களுக்கு அது மேலும் தேங்கக்கூடும். மூச்சை இழுக்க ஓர் அழுத்தமும் விட ஓர் அழுத்தமும் தரும் பைபேப் கருவியை வீட்டில் போடுபவர் என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தங்குவிடுதியில் ஓர் அறையில் பலர் இருக்கிறோம். எனக்கு சிபேப் உண்டு. தொற்று வந்தால் கருவியை எடுத்து வைத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.
ஊழியர், துவாஸ்

வேண்டாம் தம்பி. இரண்டு கோடு கண்டதும் விடுதி மேலாளரிடம் தொற்றையும் சொல்லுங்கள், கருவியையும் சொல்லுங்கள். தனிமை அறைக்குப் போகும்போது கருவி உங்களோடு வரட்டும். அங்கே கீழ்க் கட்டிலும், தலைமாட்டில் மின்பலகையும், பக்கத்தில் சன்னலும் வேண்டும் என்று கேளுங்கள். அறை மாறும்வரை, உங்கள் தலை சன்னல் பக்கம் இருக்கும்படி கட்டிலில் திரும்பிப் படுங்கள். மாஸ்க் துளை வாசல் பக்கத்தையோ பக்கத்துக் கட்டிலையோ பார்க்க வேண்டாம். மாஸ்க்கை யாருக்கும் இரவல் தராதீர்கள். நாள் முழுவதும் உயரத்தில் நின்று வேலை செய்பவர் என்றால், சிபேப் போடாமல் தூங்கிய இரவுக்கு மறுநாள் வேலைக்கு ஏறும் முன் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.